கும்பிடுபூச்சியின் கண்ணில் உள்ள கரும்புள்ளி நம்மைப் பார்க்கிறதா?

ஜூன் 8, காலை. கேள்வி

என் செடியில் ஒரு பச்சைக் கும்பிடுபூச்சி நான்கு நாளாகத் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு கரும்புள்ளி. நான் இடப்பக்கம் நகர்ந்தால் புள்ளியும் இடப்பக்கம் வருகிறது. குனிந்தால் அதுவும் இறங்குகிறது. பின்னால் போனால் கண்ணின் ஓரம்வரை வந்து எட்டிப் பார்க்கிறது. அது என்னையே பார்க்கிறது, என்னை அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறது என்று சொல்கிறேன். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நான் சொல்வது சரிதானே?

ஜூன் 8, இரவு 9.40

பாதி சரி. தலை உங்கள் பக்கம் திரும்பினால் அது மெய்யான பார்வை. புள்ளி நகர்வது பார்வையே அல்ல.

நம் கண்ணின் பாவை ஒரு துளை. கண் உருளும்போது அதுவும் கூடவே உருளும். பூச்சியின் கண் உருளாது; தலையோட்டோடு சேர்ந்து இறுகியது. ஆயிரக்கணக்கான சிறுகண்களை நெருக்கி அடுக்கிய கூட்டுக்கண் அது. ஒவ்வொரு சிறுகண்ணும் ஒரு மெல்லிய குழாய். தனக்கு நேரெதிரே உள்ள ஒரு துளி வெளியை மட்டும் பார்க்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நேர் மேலே நின்றால் அடியாழத்து இருட்டு தெரியும். சாய்ந்து நின்றால் சுவர்தான் தெரியும். உங்களை நோக்கி நிற்கும் குழாய்களில் ஒளி அடிவரை இறங்கி உறிஞ்சப்பட்டுவிடுகிறது, அதனால் கருப்பு. மற்றவற்றில் உங்கள் பார்வை பக்கச் சுவரின் நிறமியில் முட்டுகிறது, அதனால் பச்சை. நீங்கள் நகர்ந்தால் வேறு சில குழாய்கள் உங்களுக்கு நேராக வருகின்றன. புள்ளி நகர்ந்ததாகத் தோன்றுகிறது. பொய்ப்பாவை என்று சொல்வதே பொருத்தம்.

நாளைக்கே சோதித்துவிடலாம். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு உங்களிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். புள்ளி கண்ணின் எந்த இடத்தில் இருக்கிறது என்று இருவரும் தனித்தனியே ஒரு தாளில் வரையுங்கள். இரண்டு படமும் ஒத்துப்போகாது. ஒரே நொடியில், ஒரே கண்ணில், ஆளுக்கொரு புள்ளி.

ஆகவே புள்ளியிலிருந்து பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

ஜூன் 9, காலை

இன்னொரு சான்று நினைவுக்கு வந்தது. கும்பிடுபூச்சி சட்டை உரித்துவிட்டுப் போன பிறகு அந்தச் சட்டை தலைகீழாகக் கிளையில் தொங்கும். எடுத்து லென்ஸில் பாருங்கள். கண்ணின் மேலோடும் அதோடு கழன்று வந்திருக்கும்; கண்ணாடிக் குமிழ் போலத் தெளிவாக இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளி இல்லை. ஒளியை விழுங்கும் குழாய்கள் பூச்சியோடு போய்விட்டன.

ஜூன் 9, இரவு

தட்டானுக்கும் உண்டா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். உண்டு. கண்ணின் கீழ்ப்பாதி வெளிறிய இனங்களில் நன்றாகத் தெரியும். பெரும்புள்ளி ஒன்றைச் சுற்றி மங்கலான சிறுபுள்ளிகள் ஒழுங்காக நிற்பதையும் பார்க்கலாம்.

பெயர்ச் சிக்கல் வரும் முன்பே சொல்லிவிடுகிறேன். தட்டான், தும்பி, தட்டாரப்பூச்சி மூன்றையும் ஒன்றாகவே எழுதுவேன். பழம்பாடல்களில் தும்பி என்றால் பூவில் தேன் தேடும் வண்டு. இன்றைய பேச்சில் அந்தப் பெயர் தட்டானுக்குப் போய்விட்டது. அமரும்போது சிறகை விரித்து வைத்திருப்பது தட்டான். மெலிந்த உடலும் முதுகின்மேல் மடக்கிய சிறகும் என்றால் ஊசித்தட்டான். சிறகை அரைகுறையாக விரிக்கும் ஊசித்தட்டான்களும் உள்ளன. ஐயம் வந்தால் கண்களைப் பாருங்கள். ஊசித்தட்டானுக்கு அவை தலையின் இரு முனைகளில் சுத்தியல்போல் விலகி நிற்கும்.

ஜூன் 11

கேள்வி கேட்டவர் பதறி எழுதியிருக்கிறார். இரவு 11 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தாராம். இரண்டு கண்ணும் முழுக்கக் கருத்துக் கிடந்ததாம். நோயா, சாகப்போகிறதா என்று கேட்கிறார்.

இல்லை. விடிந்ததும் பாருங்கள், பச்சை திரும்பிவிடும். சிறுகண்களுக்குள் இருக்கும் நிறமி பகலில் ஓர் இடத்திலும் இரவில் வேறோர் இடத்திலும் தங்கும். இரவில் கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்க வேண்டும். கண் முழுவதும் ஒளியை விழுங்கும் நிலைக்கு மாறிவிடும். கண் முழுவதுமே கருப்பானபின் தனியாகப் புள்ளி எப்படித் தெரியும்?

ஜூன் 11, சற்றுப் பின்

டார்ச்சை நெடுநேரம் முகத்தில் அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் அது.

ஜூன் 15

புள்ளியைப் பேசித் தலையை விட்டுவிட்டேன். எனக்கு அதுதான் பெரிய வியப்பு. பக்கவாட்டில் ஏறக்குறைய 180 பாகை திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்க்கும் பூச்சியை வேறெங்கே காண்பது?

ஓர் இளம்பூச்சியை நேற்று ஒன்றரை மணிநேரம் பார்த்தேன். குச்சியின் நுனியில் நின்றது. அடுத்த குச்சி ஒரு சாண் தள்ளி. தாவுமுன் உடலை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டியது. ஆடும்போதும் முகம் குச்சியையே நேராகப் பார்த்தது. ஆறேழு முறை ஆடியபின் தாவியது, குறி பிசகவில்லை. நாம் தலையை ஆட்டினால் அருகிலுள்ள பொருள் அதிகமாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் நகர்வதுபோல் தெரியும். அந்த வேறுபாட்டை வைத்தே அது தொலைவை அளக்கிறது. காற்றில் இலை ஆடுவதுபோல் அது ஆடும் ஆட்டம் வேறு. அதில் முகம் எதையும் குறிவைக்காது, உடல் முழுவதும் சேர்ந்து ஊசலாடும்.

இரையை அடிக்கும்போது இன்னொரு வழி. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தைக் கணக்கிடுகின்றன. கண்முன் பட்டகக் கண்ணாடி வைத்து இதை 1983-இல் சாமுவேல் ரோசெல் காட்டினார். பிறகு நியூகாசல் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீடின் குழு, ஒரு கண்ணுக்கு நீலமும் ஒரு கண்ணுக்குப் பச்சையுமாகச் சிறு கண்ணாடித் துண்டுகளைத் தேன்மெழுகால் ஒட்டி, திரையில் முப்பரிமாணப் படம் காட்டியது. எட்டும் தொலைவில் இரை மிதப்பதாக நம்பி அவை வெறும் காற்றில் கையை வீசின. 2018-இல் இன்னும் ஒன்று தெரிந்தது: நம்மைப்போல் இரு கண்ணின் படங்களையும் அங்குலம் அங்குலமாக ஒப்பிடுவதில்லை; எங்கே மாற்றம் நடக்கிறதோ அந்த இடத்தை மட்டும் பொருத்திப் பார்க்கிறது. அசையாத ஈ எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் அது கண்டுகொள்ளாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்து, பசியில்லை போலும் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். இனி அந்தப் பக்கங்களைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

ஜூன் 21

குளத்தோரம் ஒரே ஒரு காய்ந்த குச்சி நீரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒரு சிவப்புத் தட்டான். எழும், சிறு பூச்சியைப் பிடிக்கும், திரும்ப அதே நுனிக்கு வரும். வேறு ஆண் வந்தால் துரத்திவிட்டு வரும். 11 நாளாக அதே தட்டான், அதே குச்சி. இவ்வளவு பிடிவாதம் உள்ள உயிரை நான் கண்டதில்லை.

பறக்கும்போது ஆறு காலையும் முன்னே கூடைபோல் குவித்து இரையை அள்ளுகிறது. அந்தக் கால்களால் நடக்க மட்டும் ஏறக்குறைய முடியாது. குச்சியில் ஓர் அங்குலம் தள்ளி உட்கார வேண்டும் என்றாலும் எழும்பிப் பறந்துதான் உட்கார்கிறது.

ஜூன் 23

அதே குச்சி, நண்பகல். தட்டான் வயிற்றை நேர்மேலே தூக்கி, தலைகீழாக நிற்பதுபோல் நின்றது. வேறு ஆண்களை மிரட்டுகிறது என்று முதலில் எழுதினேன். சுற்றிலும் வேறு ஆண் எதுவும் இல்லை என்பது பிறகே உறைத்தது. குடையை நீட்டி அதன்மேல் நிழல் விழச் செய்தேன். கொஞ்ச நேரத்தில் வயிறு தாழ்ந்தது. குடையை விலக்கினேன், மீண்டும் ஏறியது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. வயிற்று நுனியைக் கதிரவனுக்கு நேராகக் காட்டினால் வெயில் படும் பரப்பு சிறுத்துவிடும். அது மிரட்டல் அல்ல, சூட்டுக்குச் செய்யும் ஏற்பாடு.

ஜூலை 2

21-ஆம் தேதி எழுதியது தவறு. திருத்துகிறேன்.

இன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வலது பின்சிறகின் ஓரத்தில் பிறைபோல ஒரு கிழிசல் தெரிந்தது. பழைய படங்களைத் தேடினேன். ஜூன் 12 முதல் 16 வரை கிழிசல் இல்லை. சரி, பிறகு கிழிந்திருக்கலாம். ஆனால் 17, 18 தேதிகளின் படங்களில் இடது முன்சிறகின் நுனியே இல்லை. 19-இல் அது முழுதாக இருக்கிறது. ஒடிந்த சிறகு மீண்டும் வளராது. ஆக, குறைந்தது இரண்டு ஆண்கள் மாறி மாறி அந்தக் குச்சியில் அமர்ந்திருக்கின்றன. இடம் நல்ல இடம். ஒன்று போனால் காத்திருந்த அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பிடிவாதம் தட்டானுடையது என்று நினைத்தேன். அது குச்சியின் சிறப்பு. செடியிலிருக்கும் கும்பிடுபூச்சி நான்கு நாளாக ஒன்றே என்று கேள்வி கேட்டவர் சொன்னபோது நானும் தயங்காமல் ஏற்றுக்கொண்டேன். அதையும் இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. ஏதாவது அடையாளம் பார்த்தீர்களா?

ஜூலை 3

பார்த்தாராம். நடுக்கால் ஒன்று மற்றதைவிடக் குட்டை. ஒடிந்து மறுபடி வளர்ந்த கால் அது. கும்பிடுபூச்சி முதிர்வதற்குள் கால் இழந்தால் அடுத்தடுத்த சட்டை உரிப்பில் திரும்ப வளரும், ஆனால் சிறிதாக. அருமையான அடையாளம். என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறார்.

ஜூலை 9, விடியற்காலை

உறக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

இரவு 9.50-க்கு ஒரு தட்டானின் நீர்ப்பருவ இளம்பூச்சி கோரைத் தண்டில் ஏறி, நீருக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நின்றது. சேறு படிந்த, சிறகில்லாத, முரட்டு உருவம். அரைமணி நேரம் ஒரு அசைவும் இல்லை. பிறகு முதுகில் ஒரு கோடு. கோடு விரிந்து வெளிறிய பச்சையில் மார்பு பிதுங்கியது, தலை வந்தது, கால்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. வயிற்றின் நுனி மட்டும் பழைய சட்டைக்குள் மாட்டியிருக்க, உடல் முழுவதும் பின்னோக்கிச் சாய்ந்து தலைகீழாகத் தொங்கியது.

தொங்கியபடியே 25 நிமிடம். செத்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும் நேரம் அது. கால்கள் இறுகுவதற்காகக் காத்திருக்கிறது. இறுகியதும் ஒரே எக்கு. மேலே மடங்கி எழுந்து, தன் பழைய சட்டையின் தலையையே பிடித்துக்கொண்டு வயிற்றை வெளியே இழுத்தது.

சிறகு அப்போது கசங்கிய ஈரத்துணி. உடலின் நீர்மம் நரம்புகளுக்குள் ஏற ஏற அது மடிப்பு நீங்கிப் பால்வெள்ளையாக இறங்கியது. சிறகு முழு நீளமும் அடைந்தபின்தான் வயிறு நீளத் தொடங்கியது. நுனியில் தெளிந்த நீர் சொட்டியது. இவ்வளவும் நடக்கும்போது நான்கு சிறகும் ஊசித்தட்டான்போல் ஒட்டி மடங்கியே இருந்தன. 4.35-க்கு நான்கும் ஒரே வீச்சில் விரிந்தன. இனி வாழ்நாளெல்லாம் அவை மடங்காது. சிறகு நடுங்கத் தொடங்கியது. தசையைச் சூடேற்றுகிறது. 5.20-க்குப் போய்விட்டது.

ஜூலை 9, மதியம்

காலையில் எழுத மனமில்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

அடுத்த தண்டில் இன்னொன்று வெளிவந்தது. காற்றில் கோரை இலை உரசி அதன் இடது முன்சிறகு சுருண்டு ஒட்டிக்கொண்டது. மென்தூரிகையை நனைத்து அதை நீவிப் பிரிக்கப் பார்த்தேன். பிரிந்தது. பிரிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல். அங்கே பச்சை நீர்மம் ஒரு துளி வெளியேறி, சிறகு அதற்குமேல் விரியவே இல்லை. விடிந்ததும் எறும்புகள் வந்தன.

தொடாமல் விட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று தெரியாது. ஆனால் அந்த நேரத்துச் சிறகு சிறகே அல்ல, நீர்மம் நிறைந்த பை. அதை யாரும் எதைக்கொண்டும் தொடாதீர்கள். வெளிச்சத்தையும் விலக்கி வையுங்கள்.

ஜூலை 12

கழற்றிய சட்டையை மேசையில் வைத்திருக்கிறேன். முதுகுப் பிளவிலிருந்து வெள்ளை நூல்கள் நான்கைந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. சிலந்தி நூல் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அவை மூச்சுக்குழாய்களின் உள்ளுறை. வெளித்தோலை மட்டுமல்லாமல், உள்ளே கிளைத்தோடும் மூச்சுக்குழாயின் உறையையும் உருவிப் போட்டுவிட்டுப் போகிறது.

சட்டையின் முகத்தை ஊசியால் மெல்ல நெம்பினால் கீழுதடு கைபோல நீளும். முழங்கையாக மடங்கி முகத்தை மூடியிருக்கும் முகமூடி அது, நுனியில் இடுக்கி. உயிரோடிருக்கும்போது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பாய்ந்து தலைப்பிரட்டையைப் பிடித்துவிடும். மூச்சும் விந்தை. செவுள்கள் பின்குடலுக்குள் உள்ளன. மலத்துளை வழியே நீரை இழுத்து வெளியே விடுகிறது. ஆபத்து வந்தால் அதே நீரைப் பீய்ச்சி முன்னே பாய்கிறது. ஆழமில்லாத வெள்ளைத் தட்டில் ஒன்றை விட்டு வாலருகே விரலைக் கொண்டுபோனேன். பின்னால் கிடந்த மணல் பரல்கள் தெறித்தன.

ஜூலை 14

சிறகின் முன்விளிம்பில் நுனியருகே உள்ள கரும்பொட்டு எதற்கு என்று ஒரு கேள்வி. அழகுக்கு என்று எண்ணிவிடாதீர்கள், அது எடைக்கல். மிதந்து செல்லும் வேகம் கூடும்போது சிறகு படபடவென்று அதிரத் தொடங்கும். அந்த எல்லையை இந்தச் சிறு எடை தள்ளிப்போடுகிறது. 1972-இல் ஓகே நோர்பெர்க் அளந்தார். உடல் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள பொட்டு, தட்டான் அதிராமல் மிதக்கும் வேகத்தை 10 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்துகிறது.

பிரான்சின் கொமாந்த்ரி நிலக்கரிப் படிவத்தில் கிடைத்த மெகநியூரா பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 30 கோடி ஆண்டு பழையது, சிறகு விரித்தால் 65 செ.மீ.க்கு மேல். தட்டானின் உறவுதான், தட்டான் அல்ல. அதன் சிறகில் இந்தப் பொட்டு கிடையாது.

ஜூலை 26

பக்கத்தில் நிறுத்தியிருந்த காரின் முன்மூடியில் ஒரு பெண் தட்டான் வால்நுனியைத் திரும்பத் திரும்ப இடித்தது. எட்டு முறை எண்ணினேன். முட்டையிடுகிறது. பத்தடியில் குளம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு!

நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைத்தளத்தில் அமைந்துவிடும். நம் கண் அதைப் பிரித்தறியாது, தட்டானின் கண் அறியும். அதைக் கண்டால் நீர் என்று முடிவுசெய்கிறது. மெருகேற்றிய வண்ணப்பூச்சும் ஒளியை அப்படியே திருப்புகிறது. பளபளவென்று தேய்த்த கருங்கல் கல்லறைகளைத் தட்டான்கள் குளமென்று நம்பி மொய்ப்பதை ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் குழுவினர் 2007-இல் விளக்கினார்கள்.

முட்டைகளை நனைத்த தூரிகையால் எடுத்துக் குளத்தில் விட்டேன். வெயிலில் காய்ந்த உலோகத்தின்மேல் கிடந்தவை. எத்தனை பிழைக்குமோ.

ஆகஸ்ட் 3

இரண்டு ஊசித்தட்டான்கள் சண்டையிடுகின்றன என்று ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். சண்டை இல்லை, கூடல். ஆண் வால்நுனிக் கொக்கியால் பெண்ணின் கழுத்தருகே பற்றியிருக்கிறது. பெண் வயிற்றை வளைத்து ஆணின் மார்பை ஒட்டிய இரண்டாம் கண்டத்தில் பொருத்தியிருக்கிறது. அதனால்தான் அந்தச் சக்கர வடிவம். விந்து உண்டாவது ஆணின் வால்நுனிப் பக்கம். அதை முன்கூட்டியே வயிற்றின் அடியிலுள்ள பைக்கு மாற்றி வைத்துக்கொள்கிறது.

அங்கே இன்னொன்றும் நடக்கிறது. 1979-இல் ஜொனாதன் வாகே ஓர் ஊசித்தட்டான் இனத்தில் கண்டது: ஆண் தன் விந்தைச் செலுத்துமுன், முன்பு கூடிய ஆணின் விந்தை ஏறக்குறைய முழுவதும் வழித்தெடுத்துவிடுகிறது. கூடிய பின்னும் பெண்ணின் கழுத்தை விடாமல் முட்டையிடும் இடம்வரை ஆண் தொற்றிச் செல்வதைப் பாசமென்று எண்ணியிருந்தேன். அடுத்தவன் வந்து வழித்துவிடாமல் காக்கிற காவல்.

ஆகஸ்ட் 19

கும்பிடுபூச்சியில் பெண் ஆணைத் தின்றே தீரும் என்று அடித்துச் சொல்கிறார் ஒருவர். ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறேன். கூண்டில் வைத்துப் பார்த்த ஒரே ஒரு முறை அதுதான் நடந்தது. தலையைத் தின்ற பிறகும் ஆணின் வயிறு கூடலை நிறுத்தவில்லை. கென்னத் ரோடர் 1935-இல் இதன் காரணத்தை எழுதினார்: கூடல் அசைவை நடத்துவது வயிற்றிலுள்ள நரம்புக் கணுக்கள், தலையில் உள்ள ஒரு கணு அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. தலை போனால் அடக்குவதற்கு ஆள் இல்லை.

செப்டம்பர் 6, இரவு

வேலியோரம், கூண்டு இல்லாமல், நான் ஐந்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தது.

பெண் ஒரு தடித்த தத்துக்கிளியைத் தின்று முடித்திருந்தது. ஆண் பின்பக்கமாக வந்தது. ஓர் அடி வைக்கும், நிற்கும். பெண் தலையைத் திருப்பினால் உறைந்துவிடும். காற்று வீசி இலை ஆடும்போது மட்டும் முன்னேறியது. இரண்டடி தொலைவைக் கடக்க 50 நிமிடம். பிறகு பாய்ந்து முதுகில் ஏறியது. நாலு மணிநேரத்துக்கு மேல் சேர்ந்திருந்தன. கடைசியில் ஆண் சட்டென்று கீழே விழுந்து, புல்லில் ஓடி மறைந்தது. பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7

ஆகஸ்ட் 19 குறிப்பை மாற்றிக்கொள்கிறேன். கூண்டில் நான் வைத்திருந்த பெண்ணுக்கு இரண்டு நாளாக இரை கொடுக்கவில்லை. ஆணுக்குத் தப்பி ஓட இடமில்லை. மேலே விளக்கு, அருகில் என் முகம். அங்கே நான் பார்த்தது பசியை. வயிறு நிறைந்த பெண்களை வைத்து, ஆள் அருகில் நிற்காமல் கேமராவை மட்டும் ஓடவிட்டு 1980களில் செய்த ஆய்வில் ஆண்கள் தின்னப்படவில்லை. வெளியிலும் தின்பது நடக்கிறது, அதை மறுக்கவில்லை. ‘தின்றே தீரும்’ என்பதைத்தான் மறுக்கிறேன்.

செப்டம்பர் 20

கும்பிடுபூச்சிக்குக் காது ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரியாது. மார்பின் அடியில், பின்னங்கால்களுக்கு நடுவே ஒரு பள்ளம். 1986-இல் டேவிட் யேகரும் ரொனால்ட் ஹாயும் கண்டுபிடித்தார்கள். வௌவாலின் மீயொலியைக் கேட்கும். ஒரே காது என்பதால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. பறக்கும்போது கேட்டால் திசை பாராமல் சுழன்று கீழே விழுந்துவிடும்.

சாவிக்கொத்தைக் குலுக்கினால் மீயொலியும் எழும் என்று படித்து, செடியிலிருந்த பெண்ணிடம் குலுக்கினேன். உணர்கொம்புகூட அசையவில்லை. சோதனையே பிசகு. அந்த எச்சரிக்கை பறக்கும்போதுதான் முழுதாக வேலை செய்யும். பெண் பறக்காத இனங்களில் பெண்ணின் காதும் மங்கியே இருக்கும்.

அக்டோபர் 4

குளத்தில் ஒரு கும்பிடுபூச்சி பட்டப்பகலில் தானே நடந்து நீருக்குள் இறங்கியது. சில நிமிடத்தில் அதன் வால்நுனியிலிருந்து கருங்கம்பி போன்ற ஒரு புழு நெளிந்து நெளிந்து வந்தது, பூச்சியைவிட நீளமாக. குதிரைமயிர்ப் புழு. பூச்சிக்குள் வளர்ந்து, இனம்பெருக்க நீருக்குப் போக வேண்டிய நேரத்தில் பூச்சியை நீரில் இறக்கிவிடும். எப்படி இறக்குகிறது? ஜப்பானியர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: புழு உள்ள பூச்சியைக் கிடைத்தள அதிர்வுள்ள ஒளி ஈர்க்கிறது.

ஜூலை 26-இல் தட்டானைக் காரிடம் ஏமாற்றிய அதே ஒளி. அங்கே முட்டையை வீணாக்கியது, இங்கே புழுவுக்கு வழிகாட்டுகிறது. இரண்டு குறிப்பையும் அடுத்தடுத்துப் படித்தபோது உடல் சிலிர்த்தது. பூச்சியை வெளியே எடுத்தேன். மாலைவரை உயிரோடு இருந்தது.

அக்டோபர் 18

ஜூன் 8-இல் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். புள்ளியிலிருந்து பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்று எழுதியிருந்தேன். தவறு.

நான்கு மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே பூச்சி, ஒரே தொலைவு. பூச்சி நேராக என்னைப் பார்க்கும் படங்களில் புள்ளி பெரிது. பக்கத்திலிருந்து எடுத்தவற்றில் சிறிது. பின்பக்கத்திலிருந்து எடுத்தவற்றில் இன்னும் சிறிது. அளந்தேன், ஐயமே இல்லை.

காரணம் இதுதான். கண்ணின் முன்பகுதியில் சிறுகண்கள் ஒன்றுக்கொன்று மிகச் சிறிய கோண வேறுபாட்டில் நிற்கின்றன. அதனால் ஒரே நேரத்தில் நிறையக் குழாய்கள் உங்களை நோக்கி இருக்கும், புள்ளி பெருக்கும். நெருங்கி நிற்பதனால்தான் அந்தப் பகுதி நுணுக்கமாகவும் பார்க்கிறது. ஓரங்களில் கோணம் அகலம், குழாய்கள் குறைவு, புள்ளி சிறிது, பார்வையும் முரடு. ஆக, புள்ளி எங்கே பெருக்கிறதோ அங்கே கண் கூர்மை. தலையைத் திருப்பி நம்மைப் பார்ப்பதே, அந்தக் கூர்மையான பகுதிக்கு நம்மைக் கொண்டுவரத்தான்.

கேள்வி கேட்டவர் முதல்நாளே சொன்னார்: ‘பின்னால் போனால் கண்ணின் ஓரம்வரை வந்து எட்டிப் பார்க்கிறது.’ ஓரத்தில் புள்ளி சிறுத்ததால்தான் அது அவருக்கு எட்டிப் பார்ப்பதுபோல் தோன்றியிருக்கிறது. அவர் கண்டதை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

அக்டோபர் 19

அவர் இன்று எழுதியிருக்கிறார். குட்டைக் கால் பூச்சி, பெண், பத்து நாள் முன்பு அதே செடியின் தண்டில் முட்டைக்கூடு வைத்ததாம். தலையைத் திருப்பாமல், வால்நுனியால் மட்டும் தடவித் தடவி நுரையை அடுக்கி, அது பழுப்பாக இறுகும்வரை அவர் பார்த்திருக்கிறார். மூன்று நாள் முன்பு இலையடியில் இறந்து கிடந்ததாம். கூட்டை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

அது அவரை அடையாளம் தெரிந்து வைத்திருந்ததா என்ற கேள்விக்கு இன்றுவரை நான் பதில் எழுதவில்லை. அவர் அருகில் வரும்போது அது ஒளியவில்லை, முதல் வாரத்தில் ஒளிந்தது. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். ஓர் ஆள் ஆபத்தில்லை என்று பழகியிருக்கலாம். அந்த ஆள் என்று அறிந்ததா என்பது வேறு.

நவம்பர் 16

கூடு பொரிந்துவிட்டது. அவர் அனுப்பிய படம் முன்னால் இருக்கிறது. குஞ்சுகள் நூலில் தொங்கி இறங்கி, முதல் உறையைக் கழற்றிவிட்டுத் தண்டெங்கும் நிற்கின்றன. 63 வரை எண்ணினேன். ஒவ்வொன்றும் கொசு அளவு. ஓர் ஓரத்தில் நான்கைந்து, கேமராவின் பக்கம் தலையைத் திருப்பியிருக்கின்றன. பெரிதாக்கினால் அவற்றின் கண்ணில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரிகின்றன. முகம் திருப்பியவற்றில் மட்டும் கொஞ்சம் பெரிதாக.